ஜெபர்டியா, வீல் ஆஃப் ஃபார்ச்சூனா: எதற்கு விண்ணப்பிப்பது?

அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்கள் உரிமம் வாங்கி மாலையில் ஒளிபரப்பும் தொலைக்காட்சிப் போட்டிகள் இவை. ஜெபர்டி பொது அறிவு வினாடி வினா. வீல் ஆஃப் ஃபார்ச்சூன் (சுருக்கமாக வீல்), பணத்தொகைகள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி, எழுத்துகளை ஊகித்து, மறைந்திருக்கும் சொற்றொடரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. வீல் 1983 முதலும் ஜெபர்டி 1984 முதலும் இப்படி ஓடுகின்றன. எதில் போட்டியிடலாம் என்று தடுமாறுவோருக்கு:

நுழைவு
ஜெபர்டி: இணையத் தேர்வு. 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடி.
வீல்: பொது அறிவு வேண்டாம். புதிரை அவிழ்க்கும் வேகமும் கலகலப்பான பேச்சும் போதும்.

எங்கே சறுக்கும்
ஜெபர்டி: பதில் தெரிந்தவர்களே, பதில் சொல்ல முந்தி அழுத்தும் பொத்தானில் தோற்கிறார்கள். கேள்வியை வாசித்து முடித்ததும் பலகையோரம் விளக்கு எரியும். அதற்கு முன் அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். அதற்குள் அடுத்தவர் முந்திவிடுவார். வீட்டில் நிகழ்ச்சியைப் பார்த்தபடி, நின்றுகொண்டே, சொடுக்குப் பேனாவை அழுத்திப் பழகுங்கள். இது படிப்பைவிட முக்கியம்.
வீல்: விடை தெரிந்த பிறகும் பணத்தாசையில் சுழற்றுவது. சக்கரம் 'பேங்க்ரப்ட்' (திவால்) கட்டத்தில் நின்றால் அந்தச் சுற்றின் பணம் முழுக்கப் போய்விடும்.

பணம்
ஜெபர்டி: வென்றவர் மறுபடி ஆடலாம், 2004இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்றார். இரண்டாமவருக்கு 3,000 டாலர், மூன்றாமவருக்கு 2,000.
வீல்: ஒரே ஒரு ஆட்டம். குறைந்தது 1,000 டாலர் உறுதி. பரிசு சுற்றுலாவாக வந்தால், அதன் மதிப்புக்கு வரியைக் கைக்காசில்தான் கட்ட வேண்டும்.

வரலாறு, இலக்கியம், அறிவியல் என்று பரவலாக வாசிப்பவர் ஜெபர்டிக்கே போகலாம். சொல் விளையாட்டில் கை தேர்ந்தவருக்கு வீல்.