பல்லாவரம் பக்கம் படம் பிடிக்க: மலை ஏறுங்கள், வாடகைத் தோட்டத்தை விடுங்கள்

சென்னைப் புறநகரில் பல்லாவரம், குரோம்பேட்டை, அனகாபுத்தூர் பக்கத்து மணமக்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மகாபலிபுரம் போய்விடலாமா சார்?" என்பதுதான். தாராளமாகப் போகலாம். அங்கே அதிகாலையிலேயே நமக்கு முன்னால் நாலு ஜோடி வரிசையில் நிற்கும். கார் வாடகை, டோல், சாப்பாடு எல்லாம் போக, கடைசியில் ஊரில் எல்லோர் ஆல்பத்திலும் இருக்கிற அதே படம்தான் கிடைக்கும். கல்யாணப் படம் எடுப்பது எனக்குத் தொழில். அந்தத் தொழிற்கண்ணோடு சொல்கிறேன்: வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிற இடங்களே போதும். அவற்றில் காசு கேட்காத இடங்கள்தான் காசு கேட்கும் இடங்களைவிட நல்ல படம் தருகின்றன.

காசு கேட்கும் வகையை முதலில் முடித்துவிடுகிறேன். புறநகரில் இப்போது வாடகைக்கு விடும் ‘அவுட்டோர்’ தோட்டங்கள் நிறைய வந்துவிட்டன. ஒரு தோட்டத்துக்கு மணமகள் வீட்டாரின் வற்புறுத்தலால் போனேன்; பெயர் வேண்டாம். மணிக்கணக்கில் வாடகை. விளக்கும் குடையும் நிறுத்தினால் அதற்குத் தனிக் கட்டணம். உள்ளே ஃபைபர் யானை, சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, பிளாஸ்டிக் பூச்சரம் சுற்றிய ஊஞ்சல், வெயிலில் வெளுத்துப்போன செயற்கைப் புல். காலை நேரமெல்லாம் முன்பே பதிவாகிவிட்டதால் எங்களுக்குக் கிடைத்தது பதினொன்றரை மணி. உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணுக்குள் இறங்கி, பெண்ணுக்குப் பத்து வயது கூடிவிட்டது. இதில் ‘நேரம் ஆகிறது’ என்று நினைவூட்ட ஓர் ஆள் விசிலோடு நடந்துகொண்டே இருந்தார். ஐந்தில் ஒரு மதிப்பெண் தருகிறேன். அதுவும் துணி மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருந்ததற்காக.

சரி, திருநீர்மலைக்கு வருவோம். பல்லாவரத்துக்கு மேற்கே, சென்னைப் புறவழிச்சாலையை ஒட்டி நிற்கும் சின்ன மலை அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாள் அடிவாரத்தில். கிடந்த கோலத்தில் ரங்கநாதர், அமர்ந்த கோலத்தில் நரசிம்மர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள் மூவரும் மேலே. மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்துதான் சேவித்தார் என்பது தல வரலாறு. நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் விடிவதற்கு முன் படியேறினால் போதும். 200 படி போல இருக்கும். பட்டுப்புடவையோடு ஏறுவதென்றால் நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டும். முகப்பூச்சு மேலே போய்ப் போட்டுக்கொள்வது நல்லது.

சூரியன் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து எழும். முதல் இருபது நிமிடம் பெண்ணைக் கிழக்கு பார்த்து நிறுத்தாதீர்கள். தோளை வடக்குப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு வரும். காஞ்சிபுரம் பட்டின் சரிகை ஒவ்வோர் இழையாகத் தெரியும். சரிகைக்குப் பார்த்து வெளிச்ச அளவைக் குறைத்து வையுங்கள். முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு கணினியில் கூட்டிவிடலாம். வெந்து வெளுத்துப்போன சரிகையை யாராலும் மீட்க முடியாது.

இந்த மலையின் தனிச்சிறப்பு, கோயில் விமானம் அல்ல, வானில் பறக்கும் விமானம். பக்கத்திலிருக்கும் சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறங்கும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அவை மேற்கேயிருந்து வந்து, மலைக்கு வடக்கே தாழ்ந்து பறந்து இறங்குகின்றன. வடக்கு பார்த்து நின்றால், சக்கரங்களை விரித்தபடி இடமிருந்து வலமாகப் போகிற விமானம் படச் சட்டத்துக்குள் முழுதாக வரும். அதன் வயிறு மட்டும் தெரிகிற படமாக அது இருக்காது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கதையே வேறு. கடல் பக்கமிருந்து இறங்கி, மேற்கு நோக்கி விர்ரென்று மேலேறிப் போய்விடும். ஜூனில் போய்விட்டு "விமானமே பக்கத்தில் வரவில்லை" என்று என்னைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். 200 மி.மீ. லென்ஸும் 1/800 ஷட்டர் வேகமும் வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, விமானம் வரும்வரை அவர்களைப் பேசவிடுங்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் கெட்டது.

போகி அன்று காலை மேலே போனால் வேறோர் உலகம். பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் விமானங்களே தாமதமாகின்றன. மூச்சு முட்டும், ஆனால் புகைக்குப் பின்னால் சூரியன் கண் கூசாமல் குங்குமப் பொட்டாக நிற்கும். ஜோடியை அழைத்துப் போகிற நாள் அல்ல அது. படப் பைத்தியம் உள்ளவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு தனியாகப் போகலாம்.

இது கோயில் என்பதை மறக்க வேண்டாம். சன்னிதிக்குள் கேமராவை எடுக்கவே கூடாது. கல்யாண ஜோடி, உதவியாள், பிரதிபலிப்பான் என்று படையோடு போகிறவர்கள் முதல் நாளே கோயில் அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை "கொஞ்சம் நகருங்கம்மா" என்று விரட்டும் தொழில்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் இருந்தால் படம் இன்னும் நன்றாகத்தான் இருக்கும்.

பாறை வேண்டுமென்றால் திரிசூலம். விமான நிலையத்துக்கு எதிரே மின்சார ரயிலில் இறங்கி உள்ளே போனால் குன்றுகளுக்கு நடுவே சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில். சுற்றிலும் உடைத்து உடைத்து மீந்த மலை. இந்தக் கருநீலக் கல்லைத்தான் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்கிறார்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வட்டாரத்துக் கல்தான் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் வைத்த பெயர். இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். படக்காரர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று: கரும்பாறை சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாந்து, பாறையைச் சாம்பலாக்கி வானத்தை வெளுக்கவைக்கும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து வைத்தால் கல் கல்லாக இருக்கும். மழை நின்ற அரை மணிக்குள் போனால் ஈரப்பாறை மின்னுவது தனி அழகு. குவாரிப் பள்ளத்துத் தண்ணீரின் விளிம்பில் மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள். ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமையானால் பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டுச் சந்தை. ஜோடிகளுக்கு இல்லை, நமக்கு. பூச்செடி, புறா, குக்கர் கைப்பிடி, பித்தளைக் குத்துவிளக்கு, ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுத் தாத்தாவோ சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம், இப்படி எல்லாம் தரையில் கிடக்கும். பழைய கேமராக்களும் கிடக்கும். வாங்குவதற்கு முன் லென்ஸை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் ஓடினால் அது பூஞ்சை. அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். காலை எட்டு, எட்டரைக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறியதும் கடைக்குக் கடை நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதன் கீழே உட்கார்ந்திருக்கும் எல்லோர் முகமும் நீலம் பாய்ந்து விடும். கேமராவின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) எப்படித் திருகினாலும் தோல் நிறம் திரும்பாது. 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். பெரிய லென்ஸைத் தூரத்தில் நின்று நீட்டினால் வியாபாரிகளுக்குக் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம். ஐம்பது ரூபாய்க்கு ஏதாவது வாங்கிவிட்டு, "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா அண்ணே?" என்று கேட்டால் அவரே சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

பக்கத்தில் இருப்பது ராணுவப் பாளையப் பகுதி (கன்டோன்மென்ட்). ‘படம் எடுக்கத் தடை’ என்ற பலகையைப் பார்த்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பல்லாவரம் பெரிய ஏரியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரேடியல் ரோடு அதை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. குப்பைமேடாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது எவ்வளவோ மேல். மாலை நடைக்கு நல்ல இடம். படத்துக்குச் சுமார்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்கம்பி அல்லது விளம்பரப் பலகை. வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை; மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குத்தான் வாயில் திறக்கும், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். பறவைப் படம் எடுப்பவர்களுக்கு உள்ளே ஓட்டேரி ஏரி இருக்கிறது. கல்யாணப் படத்துக்கு வேண்டாம்.

கடைசியாக, ட்ரோன். மாப்பிள்ளை வீட்டில் தவறாமல் கேட்கிறார்கள். நான் சொன்ன பல்லாவரத்து இடங்கள் எல்லாமே விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. அரசின் அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் பறக்கவிட்டால் காவல் நிலையம்தான். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தப் படக்காரராவது சொன்னால் அவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.