வெளியே போகும் பட்டன் மட்டும் வேலை செய்யாது: ரம்மி ஆப், பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

பணம் வைத்து ஆடும் ரம்மி ஆப் எப்படி இருக்கும், பாயிண்ட் ரம்மிக்கும் பூல் ரம்மிக்கும் என்ன வித்தியாசம், 80 பாயிண்ட் ஃபுல் கவுண்ட் என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஆடியவர்களுக்குத் தெரியும். ஆடாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். நான் எழுத வந்தது ஒரே ஒரு பட்டனைப் பற்றி. செட்டிங்ஸுக்குள் போய், 'பொறுப்பான விளையாட்டு' என்பதைத் தொட்டு, யாரும் படிக்காத நாலு பத்தியைத் தள்ளிக்கொண்டே கீழே போனால் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கும்: 'சுயவிலக்கு'. என்னை ஆட விடாதே என்று நாமே சொல்லிப் பூட்டிக்கொள்ளும் வசதி. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து காசு ஆட்டம் மொத்தமாக நின்றுவிட்டதே, செத்துப்போன ஆப்புக்கு எதற்கு ரிவ்யூ என்று கேட்பீர்கள். ஆட்டம் நின்றது சரி. அந்தப் பட்டன் மேல் இருக்கிற கோபம் இன்னும் நிற்கவில்லை, அதனால்தான்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். ஆப் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பல்லடம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது சிக்னல் போய்விட்டு வரும், ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். சீட்டு அடுக்குவது, ஜோக்கர் காட்டுவது, எதிராளி எந்தச் சீட்டை எடுத்தான் எதைப் போட்டான் என்று பார்ப்பது எல்லாம் கச்சிதம். தமிழிலேயே ஆடலாம். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கம்பெனிகள் எல்லாம் நின்றன, அதில் பாதி உண்மை இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மோசமான கை வந்தால் முதல் சுற்றிலேயே 20 பாயிண்ட் இழப்போடு டிராப் செய்து விலகத் தெரிந்தவனுக்கும், ஒரு சீட்டு வந்தால் போதும் என்று கடைசி வரை உட்காருகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. என்ன, ராத்திரி ஒரு மணிக்கு நான் முதல் ஆளாக இருப்பதில்லை. டேபிளில் யார் ஜெயித்தாலும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அதுதான் அங்கே நிஜமான திறமை ஆட்டக்காரர்.

பணம் போடுவது ஒரு நொடி. யுபிஐ பின் நம்பர் அடித்துக் கையை எடுப்பதற்குள் இருப்பு ஏறிவிடும். 2023 அக்டோபரிலிருந்து போடுகிற பணத்துக்கே 28% ஜிஎஸ்டி வந்தபோது, 100 ரூபாய் போட்டால் கிட்டத்தட்ட 22 ரூபாய் வரிக்கே போனது. அதை ஈடுகட்டுகிறோம் என்று போனஸ் கொடுத்தார்கள், அந்த போனஸை வெளியே எடுக்க முடியாது, ஆடித்தான் தீர்க்க வேண்டும். இதைக்கூட விட்டுவிடலாம், வரி போட்டது அரசு.

எடுக்கும்போதுதான் முகம் தெரியும். ஒரு தடவை நல்ல தொகை சேர்ந்தது. எடுக்கலாம் என்று போட்டால், பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் ஆட்களுக்கு இது புரியும். ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரித்து எழுதியிருக்கும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். பல வருடம் இதே பெயரில் பணம் வாங்கிக்கொண்டவர்களுக்கு, நான் திருப்பிக் கேட்ட அன்றைக்குத்தான் நான் யாரென்று சந்தேகம் வந்தது. ஆவணம் அனுப்பு, தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பு, பரிசீலனையில் இருக்கிறது. இந்த நாட்கள் முழுக்கத் திரையில் என் பணத்துக்குக் கீழே பச்சை நிறத்தில், கட்டைவிரல் படும் இடத்திலேயே, ஒரு பட்டன்: 'ரத்து செய்து ஆட்டத்தைத் தொடரவும்'. சுயவிலக்குக்குச் சாம்பல் நிறம், இதற்குப் பச்சை. இந்த ரெண்டு பட்டனின் நிறத்தை முடிவு செய்த மனிதர் எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருப்பார் என்று நினைத்தாலே எரிகிறது. பிரிட்டனில் இப்படி எடுக்கப் போட்ட பணத்தை ரத்து செய்ய வைக்கும் வசதிக்கு 2021லேயே தடை போட்டுவிட்டார்கள். இங்கே அதுதான் திரையிலேயே பெரிய பட்டன். மூன்றாம் நாள் ராத்திரி அதைத் தட்டினேன். விடிவதற்குள் சரிபார்க்க வேண்டிய தொகையே மிச்சமில்லாமல் போனதால், பெயர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அந்தச் சாம்பல் பட்டனைத் தேடிப் போனேன். அழுத்தினால் உடனே பூட்டாது. காரணம் கேட்கும். அப்புறம் 'உங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜர் தொடர்புகொள்வார்' என்று வரும். தொடர்புகொண்டார். நல்ல மதுரைத் தமிழ், சின்னப் பையன்.

"சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ஏன் சார் திடீர்னு? ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க சார், அக்கவுண்டை ஏன் பூட்டறீங்க, இவ்ளோ நாள் சேர்த்த லெவல் எல்லாம் போயிரும் சார். நான் வேணா ஒரு போனஸ் போட்டு விடறேன், அதை மட்டும் ஆடிட்டு நிறுத்திக்கங்க."

பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் கைக்கு நடுவில் சாதத்தைக் கொட்டுகிற பெரியப்பா மாதிரி. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கும் மேலே ஒருத்தன் டார்கெட் வைத்திருப்பான். ஆனால் யோசித்துப் பாருங்கள், தோற்றுக்கொண்டே இருக்கிறவனுக்குத்தான் இப்படி ஆள் போட்டு நலம் விசாரிப்பார்கள். தொடர்ந்து ஜெயித்து எடுத்துப் போகிறவனுக்கு யாரும் போன் போட்டு வீட்டில் சௌக்கியமா என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிடிவாதமாக நின்று ஆறு மாதத்துக்குப் பூட்ட வைத்தேன். பூட்டியது. அதைப் பாராட்ட வேண்டும், அந்த ஆப்புக்குள் நிஜமாகவே போக முடியவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே அதே கம்பெனியின் இன்னொரு ஆப், பெயர் வேறு, நிறம் வேறு, டேபிள் மட்டும் அச்சு அசல் அதே, என் அதே நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்பியது. முதல் முறை பணம் போட்டால் இரட்டிப்பு. நான் பூட்டச் சொன்னது என்னை, அவர்கள் பூட்டியது ஒரு ஐகானை. கஸ்டமர் கேருக்கு எழுதிக் கேட்டதற்கு, அது தனித் தளம், அதற்குத் தனியாகச் சுயவிலக்கு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில்.

பிரிட்டனில் கேம்ஸ்டாப் (GAMSTOP) என்று ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் பெயரைப் பதிந்தால் அங்கே உரிமம் வாங்கிய ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி எதுவும் நம்மை உள்ளே விடக்கூடாது, 2020 மார்ச் 31 முதல் கட்டாயம். நாம் கேட்ட காலம் முடிந்தாலும் தானாகத் திறக்காது, நாமாக வலியப் போய்ச் சொன்னால்தான் திறக்கும். அங்கேயும் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களுக்கு ஓடுகிறவர்கள் உண்டு, சொர்க்கமெல்லாம் இல்லை. ஆனால் அந்த 'தானாகத் திறக்காது' என்பதன் அருமை எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்குத் தானாகத் திறந்தது. ஆறு மாதம் முடிந்த அன்று காலையிலேயே, வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட் மாட்டுகிற நேரத்தில், 'மீண்டும் வருக, உங்கள் கணக்கில் 1500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது' என்று மெசேஜ். நான் தேதியை மறந்திருந்தேன், அவர்கள் மறக்கவில்லை. குடியை நிறுத்தப் போனவன் வெளியே வருகிற நாளைக் குறித்துவைத்து வாசலில் பாட்டிலோடு நின்றால் ஊரே செருப்பால் அடிக்கும், இதற்கு மார்க்கெட்டிங் என்று பெயர். அன்றைக்கே மறுபடி ஆரம்பித்தது. எவ்வளவு போனது, வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் இந்த ரிவ்யூவுக்கு வேண்டாம்.

இனி எதிர்பாராத நல்ல விஷயம். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகள் கொண்டுவந்தது: ஆதார் சரிபார்ப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை, ராத்திரி 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவே முடியாது. எச்சரிக்கை சுத்த வேஸ்ட், ரெண்டே நாளில் பார்க்காமலே 'சரி' தட்ட விரல் பழகிவிட்டது. ஆனால் அந்த 12 மணிப் பூட்டு இருக்கிறதே, அதைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை. பெரிய தொகைகள் போவது சாயங்காலத்தில் இல்லை. பதினோரு மணிக்குக் கொஞ்சம் போகும், அதைப் பிடிக்க டேபிளின் மதிப்பை ஏற்றுவோம், ஒன்றரை மணிக்கு அதைப் பிடிக்க இன்னும் ஏற்றுவோம், எல்லாரும் தூங்குகிறார்கள், கேட்க ஆளில்லை. பூட்டு வந்ததும் துரத்துகிற நேரமே இல்லாமல் போய்விட்டது. அலாரம் வைத்து 5 மணிக்கு, பால்காரருக்கு முன்னால், எழுந்து ஆடியவர்களையும் எனக்குத் தெரியும். எனக்கு அப்படி இல்லை, விடிந்தால் கம்பெனி வேன், ஷிப்மென்ட் டென்ஷன், அந்த வெறி வடிந்திருக்கும்.

வயது வந்தவன் எப்போது ஆடுவான் என்று சொல்ல அரசு யார் என்று கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அது வந்த புதிதில் நானும் அதே வசனத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஜூனில் விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது, உள்ளுக்குள் நிம்மதியாகவும் வெளியே எரிச்சலாகவும் இருந்தது. நான் கெஞ்சிக் கேட்டும் கம்பெனி சரியாகப் பூட்டாத கதவை, நான் கேட்காமலே யாரோ பூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆகஸ்ட் 22, குடியரசுத் தலைவர் ஒப்புதல், காசு ஆட்டம் நாடு முழுக்க அவுட். இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் வந்தது. என்னிடம் மிச்சமிருந்தது சில்லறை. அது வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும், சில நிமிடம்தான். பெயர்ப் பொருத்தம், இனிஷியல், பரிசீலனை, எதுவும் இல்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அப்படியென்றால் முடிந்திருக்கிறது!

இதை இப்போது எழுதக் காரணம், ஈரோட்டு நண்பன் ஒருவன் கேட்ட கேள்வி. "மாப்ள, ஆப்தான் போச்சு, வாட்ஸப்ல ஒருத்தர் ஐடி தர்றாராம், கிரிக்கெட், ரம்மி எல்லாம் இருக்காம், நீதான் இதுல அனுபவஸ்தன், நம்பலாமா?" அனுபவஸ்தனாம். அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்த ஐடிக்கு, அதாவது சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டத் தளத்தின் கணக்குக்கு, பணம் அனுப்பும் யுபிஐ நம்பர் ஒவ்வொரு தடவையும் மாறும், பெயரும் யார் யாருடையதோ. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் இருப்பு ஏறும். எடுக்கப் போனால் முதலில் 30% வரியைத் தனியாகக் கட்டு என்பார்கள். நிஜமான 30% டிடிஎஸ் ஜெயித்த தொகையிலிருந்து கழித்துக்கொள்வது, நம்மைக் கையிலிருந்து கட்டச் சொல்வதில்லை. அப்படியே தப்பித்தவறி பணம் வந்தாலும், அது வேறு எவனையோ ஏமாற்றிய பணமாக இருந்து, அவன் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் புகார் கொடுத்திருந்தால், முடங்குவது உங்கள் சம்பளக் கணக்கு. எங்கோ வடக்கே ஒரு ஸ்டேஷனுக்கு மெயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புதுச் சட்டத்தில் ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவனுக்குத்தான் 3 வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆனால் அந்த நடத்துகிறவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று யாரிடம் போய்க் கேட்பது? அவனிடம் சுயவிலக்குப் பட்டன் சாம்பல் நிறத்தில்கூடக் கிடையாது, நம்பரை பிளாக் செய்தால் அடுத்த நாள் வேறு நம்பரில் "ப்ரோ" என்று வருவான்.

இந்த இடத்தில் பழைய ஆப்பே தேவலை என்று தோன்றுகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

யாருக்காவது இப்போதும் கை அரிக்கிறது என்றால், எனக்குக் கொஞ்சம் உதவியவை: பேங்க் ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பைச் சில நூறுக்கு இறக்கியது, சம்பளக் கணக்கின் சிம்மை மனைவியின் பழைய பட்டன் போனில் போட்டது, அப்புறம் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழில் பேசுகிறார்கள், இலவசம், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று அவர்களும் கேட்பார்கள், பதிலுக்கு போனஸ் தரமாட்டார்கள்.

ரேட்டிங் கேட்பீர்கள். ஆட்டத்துக்கு 4. பணம் போடும் வேகத்துக்கு 5. எடுப்பதற்கு 1, கடைசி நாள் காட்டிய வேகத்தால் அதையும் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன். 12 மணிப் பூட்டுக்கு 5, அது கம்பெனி தந்ததில்லை என்பதால் கணக்கில் சேராது. சுயவிலக்குக்கு 0. கூட்டிக் கழித்து வகுத்தால் இரண்டரை வரும். நான் கொடுப்பது 1, அதுவும் பூஜ்ஜியம் போட வழியில்லாததால். வழக்கு வம்பு முடிந்து நாளைக்கே ஆப் திரும்ப வந்தால் இன்ஸ்டால் செய்வேனா என்று அந்த ஈரோட்டுக்காரன் கேட்டான். மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.