டைரியா, செயலியா, வெறும் நோட்டா? புத்தாண்டில் எதில் எழுதத் தொடங்கலாம்

2022-இல் தேதி அச்சிட்ட டைரி, 2023-இல் போன் செயலி, 2024 முதல் 192 பக்கக் கோடு போட்ட நோட்டு. புத்தாண்டு இலக்குகளையும் என்னைப் பற்றிய யோசனைகளையும் இந்த மூன்றிலும் எழுதிப் பார்த்துவிட்டேன். இப்போதும் நோட்டில்தான் எழுதுகிறேன். அதனால் இந்த ஒப்பீடு நோட்டின் பக்கம்தான் சாயும். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. டைரி யாராவது கொடுப்பார்கள், நோட்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், செயலிகளில் இலவசமாகவே வேண்டிய அளவு எழுதலாம்.

முதலில் டைரி. அன்றாடக் குறிப்புக்கு அதைவிட நல்லது கிடையாது. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் கணக்கு, வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது மழை பெய்தது என்று என் அப்பா எழுதி வைத்திருக்கும் டைரிகளில் எந்த நாளையும் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் மனதில் இருப்பது பக்க அளவுக்கு ஏற்ப வருவதில்லை. செவ்வாய்க்கிழமைக்கு முழுப் பக்கம் இருக்கும், எழுத ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கும், நிறைய டைரிகளில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்தே ஒரு பக்கம்தான். பிப்ரவரியில் தொடர்ந்து பதினொரு பக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அதைத் திறக்கவே மனம் வரவில்லை.

தன்னைத் தானே ஆராய்ந்து எழுதுவதற்குத் தினமும் எழுதியாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்களைப் பாதித்த அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் மட்டுமே எழுதினார்கள். நம் ஊரில் 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தினப்படி எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் யாரும் தேதி அச்சிட்டுக் கொடுக்கவில்லை. எழுதும் நாளின் வருஷம், மாதம், தேதியை அவரேதான் எழுதிக்கொண்டார்.

அடுத்து செயலி. 2011-இல் வந்த டே ஒன் நன்கு அறிமுகமானது. ஆப்பிளும் 2023 டிசம்பரில் ஐபோனுக்கு ஜர்னல் என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. படம் சேர்க்கலாம், ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம், போன வருடம் இதே நாளில் என்ன எழுதினோம் என்று பார்க்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி பூட்டு. கூட்டுக் குடும்பத்தில் பூட்டிய மேசை இழுப்பறை எத்தனை பேருக்கு உண்டு? நம் மனதில் இருப்பதை வேறு யாரும் படிக்கக்கூடாது என்பதுதான் முதல் கவலை என்றால் தயங்காமல் செயலிக்குப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். போனில் தமிழில் தட்டச்சு செய்வது எனக்கு மெதுவாகத்தான் வரும், அதனால் மூன்று வரியில் நிறுத்திவிடுவேன். சின்ன வயதிலிருந்தே போனில் எழுதிப் பழகியவர்களுக்கு இது ஒரு தடையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

நான் செயலியை விட்டது இலக்குகளால். 2023 ஜனவரியில் ஏழு இலக்குகள் போட்டேன். இரவு ஒன்பது மணிக்கு நினைவூட்டல் வரும். முடிக்காதது தானாகவே மறுநாளுக்குப் போய்விடும். வசதிதான். ஆனால் அதில் நான்கு டிசம்பர் வரை அப்படியே நகர்ந்துகொண்டிருந்தன. அவை எனக்கு இன்னும் வேண்டுமா என்று அந்த வருடம் முழுக்க நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. டைரியிலும் இதே கதைதான், அங்கே இலக்குகள் ஜனவரி 1-ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டன.

நோட்டில் எதுவும் தானாக நகராது. நானே கையால் எடுத்தெழுத வேண்டும். மூன்றில் நோட்டைத் தேர்ந்தெடுக்க இந்த ஒன்றே எனக்குப் போதும்.

ரைடர் கரோல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013-இல் புல்லட் ஜர்னல் என்று ஒரு முறையை வெளியிட்டார். சிறுவயதிலிருந்தே கவனக்குறைபாடு இருந்ததால் தனக்காக அவர் உருவாக்கிக்கொண்ட முறை அது. செய்ய வேண்டியதற்கு ஒரு புள்ளி. முடிந்ததும் அதன் மேல் பெருக்கல் குறி. மாதம் முடியும்போது மீதமிருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் வேண்டுமென்றால் அடுத்த மாதத்துக்கு எடுத்தெழுத வேண்டும், வேண்டாமென்றால் அடித்துவிட வேண்டும். இணையத்தில் பார்க்கும் வண்ணப் பேனா, பூ வேலைப்பாடு எதுவும் இதற்குத் தேவையில்லை. நான் நீல மை பேனாவோடு சரி.

எடுத்தெழுத அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில்தான் என்னைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்தது. 'அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர வேண்டும்' என்பதை நான்கு மாதம் எடுத்தெழுதினேன். ஐந்தாவது முறை பேனா நின்றுவிட்டது. அது பத்து வருடத்துக்கு முன்பு, வேறு வேலையில் இருந்தபோது வந்த ஆசை. அடித்துவிட்டேன், மனசு லேசானது.

'வாரம் ஒருமுறை அப்பாவிடம் பேச வேண்டும்' என்பதும் அப்படியே மாதம் மாதம் வந்துகொண்டிருந்தது. அதை அடிக்க முடியாது. ஏன் பேசவில்லை என்று அதன் கீழேயே எழுதத் தொடங்கினேன், ஒன்றரைப் பக்கம் போனது. இரவில் கூப்பிட்டால் அவர் அரைத் தூக்கத்தில் இருப்பார், நானும் களைத்திருப்பேன், இரண்டு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும், அதனாலேயே அடுத்த வாரம் தள்ளிப்போடுவேன். ஆகவே வரியை மாற்றினேன்: 'ஞாயிறு காலை காய்கறி வாங்கித் திரும்பியதும் அப்பாவுக்கு போன்.' எப்போது, எங்கே, எப்படி என்று முன்பே தீர்மானித்தால் நினைத்ததைச் செய்ய வாய்ப்பு கூடும் என்கிறார் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். எனக்கு அது புரிந்தது ஐந்தாவது முறை எழுதும்போதுதான். இப்போது பெரும்பாலான ஞாயிறுகளில் பேசிவிடுகிறோம்.

நோட்டில் குறைகளும் உண்டு. பூட்டு இல்லை. தேடுவது சிரமம். முதல் இரண்டு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கி, பக்க எண் போட்டுக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். என்னிடம் இருப்பது இரண்டே நோட்டுகள். இருபது சேர்ந்த பிறகும் இதே வசதி இருக்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே பக்கத்தில் ஐந்து வருடத்தின் அதே தேதி வரும் ஐந்தாண்டு டைரியை உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வைத்திருக்கிறார். நினைவுகளுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் நாளுக்கு நாலைந்து வரி இடத்தில் இலக்குகளை எடுத்தெழுத முடியாது என்றே தோன்றுகிறது. டேப்லெட்டில் பேனாவால் எழுதுவதை நான் முயன்றதில்லை.

நாள் கணக்கு போதும் என்றால் டைரி, ரகசியம் முக்கியம் என்றால் செயலி. இலக்கு வைப்பதும் அதை மறுபடி மறுபடி யோசிப்பதும்தான் நோக்கம் என்றால் நோட்டு வாங்குங்கள், முதல் மூன்று மாதமும் மாதக் கடைசியில் எடுத்தெழுதுவதை மட்டும் தவறவிடாதீர்கள்.

முதல் நோட்டு எனக்குப் பதினான்கு மாதம் வந்தது. இப்போது எழுதும் நோட்டில் டிசம்பர் 31 அன்று 40 பக்கமாவது மிச்சம் இருக்கும். அதிலேயே குறுக்கே ஒரு கோடு போட்டு, ஜனவரி என்று எழுதி, மீதமிருக்கும் ஐந்து வரிகளை எடுத்தெழுதப் போகிறேன்.