உலக அரசியல் ஆன்லைன் கோர்ஸ்: ஜெர்மனி பாடத்துக்காகவே பாக்கலாம்

கொரோனா, உக்ரைன் போர், விலைவாசி எல்லாம் ஒன்னுமேல ஒன்னா வந்தப்ப பெரிய நாடுங்க என்ன முடிவெடுத்துச்சுன்னு சொல்ற கோர்ஸ் இது, காசு கட்டித்தான் பாத்தேன், நல்லாவே இருக்கு.

ஜெர்மனி பாடம்தான் உயிர். 2021ல பாதிக்கு மேல கேஸ் ரஷ்யாகிட்ட வாங்கிட்டிருந்த நாடு, 2022 பிப்ரவரில போர் ஆரம்பிச்ச மூணாவது நாளே அப்போ ஜெர்மனி சான்சலரா (பிரதமர் மாதிரி) இருந்த ஷோல்ஸ் பார்லிமென்ட்ல நின்னு ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ தனி நிதின்னு அறிவிக்கிறார், அதுக்கப்புறம் கரண்ட் பில்லு, கேஸ் பில்லு எல்லாம் எகிறுது. கொரோனாவுக்கு வாங்க அனுமதிச்ச கடன்ல மிச்சமிருந்த 6,000 கோடி யூரோவ க்ளைமேட் ஃபண்டுக்கு மாத்துனது செல்லாதுன்னு 2023 நவம்பர்ல அரசியல் சாசன கோர்ட் சொல்லிடுது. அந்த பட்ஜெட் ஓட்டைய அடைக்க முடியாம, உக்ரைனுக்கு கூடுதல் பணம் குடுக்கறதுலயும் சண்டை போட்டு, 2024 நவம்பர்ல ஷோல்ஸோட ஆளும் கூட்டணியே உடையுது. 2025 தேர்தல்ல ஏஎஃப்டிங்கற தீவிர வலதுசாரி கட்சி 20.8 சதவீதம் வாங்கி ரெண்டாவது இடம், முன்ன வாங்குனத விட டபுள். இந்த சங்கிலிய இவ்ளோ தெளிவா கோர்த்து சொன்னதுக்கே காசு தகும்ங்க.

குறைன்னா, மனித உரிமை பேசிட்டிருந்த பைடன் 2022 ஜூலைல சவுதிக்கு போனத அவசரமா முடிச்சிட்டாங்க, பெட்ரோல் விலைக்காக கொள்கை எப்படி வளையுதுன்னு காட்ட அத விட நல்ல உதாரணம் ஏது? தமிழ் சப்டைட்டில் இல்ல, அது போட்டா காலேஜ் பசங்களுக்கு ரொம்ப உதவும். 4/5.