சூரிய ஃபில்டர் என்று விற்கப்பட்ட நெபுலா ஃபில்டர்: கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கவனத்திற்கு

சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்கென்று கேட்டு, புதுச்சேரியில் ஒரு கடையில் நான் வாங்கிய எச்-ஆல்ஃபா ஃபில்டர் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) சூரியனுக்கு உரியதே அல்ல. அதை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) திருகிச் சூரியனைப் பார்ப்பவருக்குப் பார்வை பறிபோகக்கூடும். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால், அதே பொருள் அதே விளம்பரப் படத்துடன் இன்றும் விற்பனையில் இருப்பதால், நடந்ததைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று இதை எழுதுகிறேன்.

கடலூரில் எங்கள் பள்ளி மாணவர்களுக்கு 80 மி.மீ. தொலைநோக்கி ஒன்றின் முன்வாயில், வெயிலைக் குறைக்கும் மெல்லிய படல ஃபில்டர் பொருத்திச் சூரியப் புள்ளிகளைக் காட்டி வருகிறோம். 2024 மே மாதத்தில் ஏஆர் 13664 என்ற மாபெரும் புள்ளிக் கூட்டத்தைப் பார்த்த பிறகு, சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். சாதாரணப் படலத்தில் பிழம்புகள் தெரியா. அதற்கு எச்-ஆல்ஃபா வேண்டும். கேமராவுக்கு அல்ல, கண்ணால் பார்ப்பதற்கு என்று கடையில் தெளிவாகவே சொன்னேன். 14,000 ரூபாய் என்றார்கள். இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "நேரடி இறக்குமதி சார்" என்று பதில் வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தால், கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய ஒரு வளையம் மட்டுமே இருந்தது. வளையத்தின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் 7 நா.மீ. என்று பொறித்திருந்தது. விவரம் தெரிந்தவருக்கு அந்த ஓர் எண்ணே போதும். நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்களைக் கேமராவில் படம் பிடிப்பதற்கான ஃபில்டர் அது. ஹைட்ரஜன் ஒளியின் அலைநீளமான 656.28 நானோமீட்டரைச் சுற்றி 7 நானோமீட்டர் அகலத்துக்கு, அதாவது 70 ஆங்ஸ்ட்ரம் அளவுக்கு, வரும் ஒளியை அது ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். சூரியப் பிழம்புகளைக் காட்டும் கருவிகளோ ஓர் ஆங்ஸ்ட்ரமுக்கும் குறைவான அகலத்தையே அனுமதிப்பவை. ஆகவே, இந்த வளையத்தைப் போட்டால் பிழம்பு தெரியப்போவதில்லை என்பது ஒருபுறமிருக்க, கண்ணால் பார்க்கச் சூரிய ஒளியை ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டிய இடத்தில், இது அதன் அருகில்கூட வராது. மேலும் ஐபீஸில் திருகும் எந்த ஃபில்டரும் முன்வில்லை திரட்டிய வெயில் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், சூடேறி எந்த நொடியிலும் விரிசல் விடலாம். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், பாதிப்பு நேர்வதும் அந்த நேரத்தில் தெரியாது.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது கடைக்காரர், "ஆல்ஃபான்னாலே சூரியனுக்குத்தான் சார், போட்டுப் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்றார். அறியாமையா, அலட்சியமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விற்பவருக்கு இரண்டுமே இருக்கக் கூடாது. நேரில் சென்று கேட்டபோது, உறை பிரிக்கப்பட்டுவிட்டதால் பணம் திருப்பித் தர முடியாது என்றும், அந்தத் தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மாற்றாக நீட்டியது, முன்வாயில் மாட்டும் ஒரு படல ஃபில்டர். ஒளியை எவ்வளவு குறைக்கும் என்பதைக் காட்டும் அடர்த்தி எண் எதுவும் அதில் அச்சிடப்படவில்லை. கண்ணால் பார்ப்பதற்கு அடர்த்தி 5 உள்ள படலம் வேண்டும், 3.8 என்பது படம் எடுப்பதற்கு மட்டுமே, ஏறக்குறைய பதினாறு மடங்கு கூடுதல் ஒளியை விடும். கைபேசி டார்ச்சை அதன் பின்னால் பிடித்தபோது, ஊசி குத்தினாற்போல மூன்று புள்ளிகளில் வெளிச்சம் கசிந்தது. வளையமும் குழாயின் வாயில் தளர்வாகவே நின்றது; முற்பகலில் கடற்காற்று எழும்பும் எங்கள் ஊரில், ஒரு வீச்சில் அது கழன்று விழுந்துவிடும்.

அதே கடையில் வாங்கிய மவுன்ட்டின் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) கதை தனி. வானின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுன்ட்டின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வு நம் அட்சரேகைக்குச் சமம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது ஏறத்தாழ 12 பாகை. எனக்குக் கொடுத்த மவுன்ட் 20 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்துச் சரித்துக்கொள்ளலாம் என்று கடையில் யோசனை சொன்னார்கள்! அப்படிச் சரித்தால், தொலைநோக்கிக்கு எதிர் எடை மாட்டும் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது. நம் பகுதிக்கு வாங்குவோர், அட்சரேகை அளவுகோலை 12-க்கு இறக்கிக் காட்டச் சொல்லி, எடைக்கம்பியை முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் எளிய மவுன்ட்டே பள்ளிக்குப் போதும் என்பது என் எண்ணம். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும்போது மட்டும் அது திணறும், ஆனால் காற்று அடங்கியிருக்கும் காலை நேரமே பார்ப்பதற்கு நல்லது என்பதால் அது பெரிய இழப்பில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், தேவைப்பட்டால் கடலூர் ஆணையத்துக்குச் செல்வேன். ரசீதில் "சூரிய ஃபில்டர்" என்று எழுதி வாங்கியிருந்தது இப்போது உதவுகிறது. நீங்களும் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்த ஃபில்டரை ஏற்கெனவே வாங்கியவர்கள் வளையத்தின் ஓரத்தைப் பாருங்கள். 3, 7, 12 நா.மீ. என்று எந்த எண் இருந்தாலும், அதைச் சூரியனைப் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள்; தொலைநோக்கியுடன் இலவசமாக வரும் "சன்" என்று பொறித்த சின்னக் கறுப்புக் கண்ணாடியையும் உடைத்துப் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் கையில் அகப்படக் கூடாது.