காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 ஆகிவிடாது

மதுரையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி போடப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். அய்யர் பங்களா பக்கம் எங்கள் வீட்டில் 304 ரக ஸ்டீல் என்று காசு வாங்கிக்கொண்டு, அதைவிட விலை குறைந்த 202 ரகப் பைப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பட்டறையின் பெயரை இப்போது போடவில்லை.

கொட்டேஷனில் 304, 16 கேஜ் (பைப் தகட்டின் கனம்) என்று தெளிவாக இருந்தது. வேலை முடிந்து கொடுத்த பில்லில் வெறும் 'எஸ்எஸ் கைப்பிடி வேலை'. ஐப்பசி மழை ஓய்ந்ததும் மாடியில் வெல்டிங் வைத்த இடமெல்லாம் டீ சிந்திய மாதிரி பழுப்புக் கறை. வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டில் ஒன்றும் இல்லை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், "அண்ணே, உங்க போர் தண்ணி உப்பு. இந்தா பாருங்க, காந்தம் ஒட்டுதா? ஒட்டல. அப்ப 304தானே?" என்கிறார்.

இந்தக் காந்தப் பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காந்தம் 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 மாதிரி ரகத்தைத்தான் அது காட்டிக்கொடுக்கும். அசல் 304 பைப்கூட வளைத்த இடத்தில் காந்தத்தை லேசாக இழுக்கும். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் விலை அதிகம். அதனால் 202-ல் அதை 4 முதல் 6 சதவீதமாகக் குறைத்துவிட்டு, மாங்கனீசை 7.5 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே பளபளப்புதான், கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் மழை படும் இடத்தில் 202 சீக்கிரம் கறைபடும். 202-ஐக் குறை சொல்லவில்லை. மழை படாத இடத்துக்குத் தாராளமாகப் போடலாம், ஆனால் 202 விலைக்கு.

துருவை மட்டும் வைத்தும் முடிவு கட்டக்கூடாது. டைல்ஸ் கழுவிய ஆசிட் தெறித்தாலோ, பக்கத்தில் இரும்பு கிரைண்டிங் செய்த தூள் ஒட்டினாலோ 304-ம் கறைபடும். அதனால் மிஞ்சிய துண்டுப் பைப்பைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். ரகத்துக்கு ரகம் கிலோ விலை மாறுவதால் அவர்கள் தினமும் சோதிக்கிறார்கள். கடைக்காரர் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைச் சில விநாடி வைத்தார். என் பைப்பில் சொட்டு சிவந்தது. அது மாங்கனீசு அதிகம் என்பதற்கு அடையாளம். பக்கத்தில் வைத்த 304 துண்டில் சிவக்கவில்லை. அப்புறம் லேபில், எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டும் எடுத்தேன். 202 என்றே ரிப்போர்ட் வந்தது.

நீங்கள் பைப்பை அறுக்கும் முன்பே இந்தச் சொட்டுச் சோதனையைக் கேளுங்கள், ஒவ்வொரு பைப்புக்கும். பைப்பைச் சுற்றிய பிளாஸ்டிக் கவரில் 304 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஸ்டீல் ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பர் (ஒரே உருக்கில் வந்த சரக்குக்கான எண்) சரக்கோடு பொருந்துகிறதா பாருங்கள். பில்லில் ரகமும் கேஜும் எழுதாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கடலோரத்தில் வீடு என்றால் மாலிப்டினம் சேர்த்த 316 தேவைப்படும். நம் ஊருக்கு 304 போதும், அது உண்மையிலேயே 304-ஆக இருந்தால்.

ரிப்போர்ட்டைக் காட்டியதும் "பாலிஷ் அடிச்சுத் தர்றோம்" என்கிறார்கள். பாலிஷ் அடித்தால் கறை போகும், நிக்கல் வந்துவிடாது. பைப்பை மாற்ற வேண்டும், இல்லை வித்தியாசப் பணத்தைத் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்தாகிவிட்டது. சரியான பதில் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.