டயானா 35: பழைய ஏர் கன்னை இன்றைக்கு வாங்கலாமா?

ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் நீளமான ஏர் கன்னைக் காட்டி, "இதுதான் என் முதல் துப்பாக்கி" என்று சொல்லும்போது பெரியவர்கள் முகத்தில் தனி வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தே பலர் செகண்ட் ஹேண்டில் ஒன்றைத் தேடுகிறார்கள். அப்படித் தேடினால் கிடைக்கிற சாமான்களில் உருப்படியானது ஜெர்மனியின் ராஸ்டாட்டில் செய்த டயானா 35. 1950களில் வந்து 1980கள் வரை ஓடிய மாடல். குழலை நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. எடை மூன்றரை கிலோவை ஒட்டி வரும். பத்து வயதுப் பையனால் மடக்க முடியாது, முடியவும் வேண்டாம்.

விலை பேசுவதற்கு முன் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 4.5 (மில்லிமீட்டர்) அல்லது .177 (அங்குலம்) என்றிருந்தால் சரி. இதே மாடல் .22 அளவிலும், அதாவது 5.5 மில்லிமீட்டரிலும் வந்தது. 2016 ஆயுத விதிகளின்படி .177க்கு மேற்பட்ட குழலோ, குண்டுக்கு 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும். பொறிப்பு தேய்ந்து படிக்க முடியாவிட்டால் ஒரு 4.5 பெல்லட்டை, அதாவது ஏர் கன் ஈயக் குண்டை, குழலில் போடுங்கள். வழவழவென்று மறுபக்கம் விழுந்தால் அது 5.5. வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். .177 டயானா நல்ல நிலையில் இருந்தாலும் சுமார் 10 ஜூலுக்குள்தான் நிற்கும், அந்தப் பக்கம் கவலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயர்தான் வேட்டைத் துப்பாக்கி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமத்துக்கே முற்றுப்புள்ளி வைத்த 1991 திருத்தமும் வந்த பிறகு சேர்வராயனில் கவுதாரியோ முயலோ சுட ஏர் கன்னும் கூடாது, எதுவும் கூடாது. காகித டார்கெட்டும் காலி டப்பாவும் போதும் என்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

இந்தத் துப்பாக்கியை மறக்க முடியாமல் செய்வது டிரிகர்தான். உள்ளே, ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டனின் தண்டைக் குட்டிக் குட்டி எஃகு உருண்டைகள் கவ்விப் பிடித்திருக்கும். விரல் முதலில் லேசாக உள்ளே போகும், ஓரிடத்தில் நிற்கும், அங்கிருந்து மயிரிழை அழுத்தினால் போதும், சத்தமில்லாமல் விட்டுவிடும். இன்று புதிதாக விற்கும் பல ஸ்பிரிங் கன்களில் டிரிகர் இழுக்கும்போது மணலில் கால் இழுபடுவது போலிருக்கும். இதற்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் சேஃப்டி கேட்ச் கிடையாது. மடக்கியபின் குழலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் பெல்லட் வைக்க வேண்டும். குழல் திறந்திருக்கும்போது டிரிகர் தட்டுப்பட்டால் குழல் அறைந்து மேலே வரும். விரலும் போகும், குழலும் வளையும்.

கடையில் விற்பவர் பெல்லட் இல்லாமல் "டொப்" என்று சுட்டுக் காட்டுவார். விடாதீர்கள். முன்னால் எதிர்ப்பு இல்லாததால் பிஸ்டன் நேரே போய் இரும்பில் மோதும், வாஷரும் ஸ்பிரிங்கும் அடி வாங்கும். பெல்லட் கொண்டு போய், பின்னால் மணல் மூட்டை வைத்துச் சுடச் சொல்லுங்கள். குழலும் உடலும் சேரும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்துச் சுட்டால், காற்று கசிகிறதா என்பது தெரியும். துண்டு பறந்தால் அந்த இடத்து சீல் போயிருக்கிறது, மாற்றுவது சின்ன வேலை. மடக்கும்போது கரகரவென்று அரைத்தால் ஸ்பிரிங் வளைந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும், அது பெரிய வேலை. திறந்த குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீல் போல்ட்டை இறுக்கலாம். இறுக்கியும் ஆடினால் வேண்டாம்.

பழைய பீஸ்களில் பிஸ்டன் தலையில் தோல் வாஷர். பம்ப் ஸ்டவ்வில் இருக்குமே, அதே ஜாதி. பல வருஷம் சும்மா கிடந்தால் காய்ந்து சுருங்கிவிடும். "பவர் போச்சு" என்று தள்ளிவிடும் துப்பாக்கிகளில் கணிசமானவற்றுக்கு நோய் இதுதான். உடலின் முன்முகத்தில் இருக்கும் காற்று ஓட்டை வழியாக நாலைந்து சொட்டு கெட்டியான மினரல் ஆயில் விட்டு, கட்டை கீழே, குழல் மேலே என்று ஒரு ராத்திரி நிற்க வையுங்கள். மறுநாள் முதல் சில குண்டுகள் புகையும், சத்தமும் கூடும். எண்ணெய் எரிகிறது. பத்து குண்டுக்குப் பிறகும் நிற்காவிட்டால் அதிகமாக விட்டுவிட்டீர்கள். அந்த நிலையில் தொடர்ந்து சுட்டால் ஸ்பிரிங் உடையும். தையல் மெஷின் ஆயில் மெலிசு, உடனே எரியும். தேங்காய் எண்ணெயை நினைக்கவே வேண்டாம். சேலம் வெயிலில் ஓடும், ஏற்காட்டு மார்கழிக் குளிரில் உள்ளேயே உறையும். காலையில் ஒரு வேகம், மத்தியானம் ஒரு வேகம் என்று குண்டு ஏறி இறங்கும்.

பிரித்து மேய்கிற ஆசை வேண்டாம். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, உருண்டைகள் சிதறினால் தேடி எடுப்பது கஷ்டம். ஸ்பிரிங் அமுக்கும் கிளாம்ப் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். லேத் பட்டறையில் வாஷர் கடைந்து தருவார்கள், டிரிகரைக் கையில் கொடுக்காதீர்கள்.

பெல்லட் எடை 7 முதல் 8.5 கிரெய்ன் (டப்பாவில் போட்டிருக்கும் எடை அளவு) போதும். பத்து மீட்டரில் காகிதத்துக்குத் தட்டை முனை, இருபதுக்கு மேல் உருண்டை முனை. டப்பாவில் பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்விளிம்பு) நசுங்கியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். இறுக்கிப் பிடிக்காமல் முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா படுக்கவைத்துச் சுட்டால், பத்து மீட்டரில் ஐந்து குண்டை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போடும். இறுக்கினால் சிதறும். திடீரென்று சிதறினால் முதலில் முன்கட்டையின் இரண்டு பக்க ஸ்க்ரூவைப் பாருங்கள், நூறு குண்டுக்கே தளர்ந்துவிடும். சாதாரண ஸ்கோப் இதில் பிழைக்காது. ஸ்பிரிங் கன் முன்னும் பின்னுமாக இரண்டு முறை உதைக்கும், குறுக்குக் கம்பி அறுந்துவிடும். அதன் இரும்பு சைட்டே அருமை.

சுடும் இடத்தில் மணல் மூட்டைதான் பின்தடுப்பு. சில்வர் ஓக் கட்டை வேண்டாம், வளைந்த மரத்தில் ஈயம் சறுக்கித் திரும்பும். காபிச் செடி வரிசையை நோக்கி எப்போதும் சுடாதீர்கள். பழம் பறிக்கும் பருவத்தில் செடிக்குக் கீழே குனிந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். பெல்லட்டைப் பல்லில் கவ்வுவது ஈயத்தைத் தின்பது. சுட்டு முடித்ததும் கை கழுவுங்கள், குழலைத் துடைத்து எண்ணெய்த் துணி ஒரு ஓட்டு ஓட்டி வையுங்கள். உறைக்குள் போட்டுப் பூட்டினால் ஏற்காட்டுப் பனி ஒரே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துருவை ஏற்றிவிடும்.